ஒஸ்த்ரகொன் என்றால் ஓடு: கிரேக்கம் படிக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிரேக்கத் தொல்லியல் பக்கம் வரும் எவரும் முதல் சில நாட்களிலேயே சந்திக்கும் சொல் ஒஸ்த்ரகொன். அகராதியைத் திறந்தால் மண்பாண்டம், உடைந்த பானைத் துண்டு, நத்தையின் மேலுறை, ஆமையின் முதுகு, முட்டையின் புறத்தோல் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதது போல வரிசையாகப் பொருள் வரும். ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் இந்த இடத்திலேயே குழம்பிவிடுவார்கள். தமிழில் படிப்பவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. பானையோடு, ஆமையோடு, நத்தையோடு, முட்டையோடு, மண்டையோடு, பிச்சை எடுக்கும் திருவோடு என எல்லாவற்றுக்கும் நம்மிடம் ஒரே சொல்தான் இருக்கிறது. ஒஸ்த்ரகொன் என்று கண்டால் மனத்தில் முதலில் 'ஓடு' என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான இடங்களில் வேறு எதுவும் தேவைப்படாது.

லத்தீன் மொழியின் 'தெஸ்தா' என்ற சொல்லும் இதே பாதையில் வந்ததுதான். பானை, ஓடு, சிப்பி என்று பொருள் விரிந்து, கடைசியில் பிரெஞ்சு மொழியில் தலையையே குறிக்கும் சொல்லாகிவிட்டது. நம் மண்டையோட்டை நினைத்தால் இதில் வியப்பு இல்லை.

முதல் படி: எந்த ஓடு என்று பிரித்தறிவது

பொருளை முடிவு செய்ய, பக்கத்தில் இருக்கும் வினையைப் பாருங்கள். கடல், மீன், சிப்பி பற்றிய பேச்சானால் அது உயிரினத்தின் ஓடு. அரிஸ்டாட்டில் சிப்பி, நத்தை வகைகளை 'ஒஸ்த்ரகொதெர்ம', அதாவது ஓட்டைத் தோலாக உடையவை என்று ஒரே தொகுதியாக்கினார். அடுப்பு, நெருப்பு, எண்ணெய் வந்தால் மண்பாண்டம். இங்கேதான் பலர் தவறுவார்கள். ஒஸ்த்ரகொன் உடையாத முழுப் பாண்டத்தையும் குறிக்கும் என்பதால் எல்லா இடத்திலும் 'துண்டு' என்று பெயர்க்கக் கூடாது. எழுது, கீறு, வாக்களி போன்ற வினைகள் வந்தால் அது எழுத்துத் தாங்கிய பானைத் துண்டு.

விவிலியத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில், யோபு தன் புண்ணைச் சுரண்டிக்கொள்ள எடுத்தது ஒஸ்த்ரகொன். பழைய தமிழ் விவிலியமும் அங்கே 'ஓடு' என்றே சொல்கிறது. புதிய ஏற்பாட்டில் பவுல் பொக்கிஷத்தை வைத்திருப்பதாகச் சொல்லும் மண்பாண்டங்களுக்குக் கிரேக்க மூலத்தில் வரும் அடைமொழி 'ஒஸ்த்ரகினொஸ்' என்பதன் ஒரு வடிவம். இதற்கு ஓட்டால் ஆன, சுட்ட மண்ணால் ஆன என்று பொருள். இந்த இரண்டு இடங்களையும் சேர்த்துப் பார்த்தால் சொல்லின் இரு முனைகளும் பிடிபட்டுவிடும்.

இரண்டாம் படி: வாயில் சரியாக வரவேண்டும்

ஆங்கில ஒலிப்பைப் பின்பற்றி 'ஆஸ்ட்ரகான்' என்று எழுதுவது பரவலாக இருக்கிறது. கிரேக்கத்துக்கு அது ஒட்டாது. முதல் எழுத்து ஒமிக்ரொன், நம் குறில் ஒகரம். கடைசி உயிரும் அதே குறில்தான். நடுவில் வருவது 'தமிழ்' என்பதன் முதல் எழுத்தில் உள்ள பல்லொலி. ஆங்கிலத்தின் ட் அங்கே இல்லை. ஆகவே ஒஸ்த்ரகொன். ஒரு எச்சரிக்கை உண்டு: தமிழில் இரு உயிர்களுக்கு நடுவே வரும் ககரம் மென்மையாக ஒலிக்கும். கிரேக்கத்தில் அது 'பக்கம்' என்பதில் உள்ளதுபோல் வல்லொலி, ஆனால் இரட்டிக்காது. எழுதும்போது ஒற்றைக் ககரம் போடுங்கள், சொல்லும்போது வல்லினமாகச் சொல்லுங்கள்.

சுருதி முதல் உயிரில் ஏறும். பழங்கிரேக்கத்தில் அழுத்தம் என்பது குரலின் ஏற்றம். பலமாகத் தட்டிச் சொல்வது பிற்காலப் பழக்கம்.

ஒமிக்ரொனும் ஒமேகாவும் குறில் ஒகரமும் நெடில் ஓகாரமும் போல. எப்சிலொனும் ஏதாவும் எகரமும் ஏகாரமும் போல. ஆங்கிலவழி மாணவர்கள் மாதக்கணக்கில் தடுமாறும் இந்த வேறுபாடு தமிழருக்கு முதல் நாளே கைவரும். அடுத்த படியில் இது உடனே பயன்படப்போகிறது.

மூன்றாம் படி: சொல்லின் வடிவங்கள்

இது அஃறிணைப் பெயர், இரண்டாம் பெயர் வாய்பாட்டைச் சேர்ந்தது. அடிச்சொல் 'ஒஸ்த்ரக்' என்பதுடன் முடிகிறது. தமிழில் ஓடு என்பது ஓட்டை, ஓட்டால், ஓட்டின் என்று உருபேற்கும்போது அடியே மாறும். கிரேக்கத்தில் அடி அசையாது, ஈறு மட்டும் மாறும்.

ஒருமை:
எழுவாய், செயப்படுபொருள், விளி மூன்றுக்கும் ஒஸ்த்ரகொன் (ஓடு, ஓட்டை, ஓடே)
உடைமை: ஒஸ்த்ரகூ (ஓட்டினுடைய)
கொடை: ஒஸ்த்ரகோய் (ஓட்டுக்கு, ஓட்டால்)

பன்மை:
எழுவாய், செயப்படுபொருள், விளி: ஒஸ்த்ரக (ஓடுகள், ஓடுகளை, ஓடுகளே)
உடைமை: ஒஸ்த்ரகோன் (ஓடுகளுடைய)
கொடை: ஒஸ்த்ரகொய்ஸ் (ஓடுகளுக்கு, ஓடுகளால்)

இரண்டை மட்டும் குறிக்கும் இருமையும் உண்டு: ஒஸ்த்ரகோ, ஒஸ்த்ரகொயின். தொடக்கத்தில் இதை மனப்பாடம் செய்ய வேண்டாம், கண்டால் தெரிந்தால் போதும்.

இப்போது ஒருமை எழுவாயையும் பன்மை உடைமையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஒஸ்த்ரகொன், ஒஸ்த்ரகோன். ஒரே ஒரு குறில், நெடில் வேறுபாடுதான். அச்சிட்ட நூலில் ஒமிக்ரொனா ஒமேகாவா என்று பார்த்து முடிவு செய்துவிடலாம். அழுத்தக் குறியும் கைகொடுக்கும். கடைசி அசை நெடிலானால் ஏற்றம் கடைசிக்கு மூன்றாவது அசையில் நிற்க முடியாது, கடைசிக்கு முந்தைய அசைக்கு நகரும். எனவே ஒருமை எழுவாயில் குறி முதல் ஒகரத்தின் மேல், பன்மை உடைமையில் நடு அகரத்தின் மேல். ஒஸ்த்ரகூ, ஒஸ்த்ரகோய், ஒஸ்த்ரகொய்ஸ் எல்லாவற்றிலும் இதே நகர்வு நடக்கும்.

வினை பொருந்துவதில் இன்னொரு வசதி. பழங்கிரேக்கத்தில், குறிப்பாக ஏதென்ஸ் வழக்கில், அஃறிணைப் பன்மை எழுவாய் ஒருமை வினையைக் கொள்ளும். இலக்கணம் படித்தவர் இதைப் பிழை என்று நினைப்பார். நம் வீட்டுப் பேச்சைக் கவனியுங்கள்: 'ஓடெல்லாம் கீழே கிடக்குது' என்றுதான் சொல்கிறோம், 'கிடக்கின்றன' என்று சொல்வதில்லை. கிரேக்கனும் அப்படியே எழுதினான்.

கொடை வேற்றுமை தமிழின் மூன்று வேலைகளைச் செய்யும்: கு, ஆல், சில நேரம் இல். அரிஸ்தொபனெஸின் 'தவளைகள்' நாடகத்தில் (கி.மு. 405) ஒரு பெண் ஓடுகளைத் தட்டித் தாளம் போட்டபடி மேடைக்கு வருகிறாள். அங்கே 'ஒஸ்த்ரகொய்ஸ்' வருகிறது. 'ஓடுகளுக்கு' என்று பெயர்த்தால் வாக்கியம் சிதறும், 'ஓடுகளால்' என்றால் சரியாக உட்காரும். கொடையைக் கண்டதும் கு போடாமல், கருவியா என்று ஒரு கணம் யோசியுங்கள்.

நான்காம் படி: குடும்பத்தை அறிவது

எலும்பு என்று பொருள்படும் 'ஒஸ்தெஒன்', சிப்பி என்று பொருள்படும் 'ஒஸ்த்ரெஒன்' இரண்டும் இதன் உறவுகள். சமஸ்கிருத 'அஸ்தி' அந்த எலும்புச் சொல்லுக்கு இனச்சொல். கடலில் கரைக்கும் அஸ்தியும் ஏதென்ஸின் ஓடும் தொலைவில் ஒரே வேரில் சேர்கின்றன.

தமிழ் 'ஓட்டு'க்கும் ஒஸ்த்ரகொனுக்கும் ஒலியில் ஏதோ ஒட்டுவது போலத் தெரியும். கிரேக்கர் ஓட்டில் எழுதி வாக்களித்ததால் 'ஓட்டுப் போடுவது' வந்தது என்று கூடச் சொல்லக் கேட்கலாம். அது தவறு. வாக்கு என்ற பொருளிலுள்ள ஓட்டு ஆங்கிலச் சொல்லின் திரிபு, பானையோடு தூய தமிழ்ச் சொல். இரண்டும் கிரேக்கத்திலிருந்து வரவில்லை.

வினைச்சொல் 'ஒஸ்த்ரகிட்சோ', ஓடு எழுதி நாடு கடத்து (ஏதென்ஸின் இந்த நடைமுறையை ஆறாம் படியில் பார்ப்போம்). அதிலிருந்து 'ஒஸ்த்ரகிஸ்மொஸ்' என்ற பெயர். வாக்கெடுப்பு நிகழ்வு 'ஒஸ்த்ரகொபொரியா', ஓடு சுமந்து செல்லுதல். அகராதியில் இவற்றைத் தேடுவதில் ஒரு பொறி உண்டு. இறந்தகால வினைக்கு முன்னே உயிர் நீளும் என்பதால் 'ஓட்டால் நாடு கடத்தப்பட்டான்' என்பது 'ஓஸ்த்ரகிஸ்தே' என்று ஒமேகாவில் தொடங்கும். அதைப் பார்த்து அகராதியின் கடைசிப் பகுதியைப் புரட்டினால் கிடைக்காது. ஓகாரத்தை ஒகரமாகக் குறைத்து, 'க்சி'க்கும் 'பி'க்கும் நடுவே உள்ள ஒமிக்ரொன் பகுதியில் தேடுங்கள்.

சிறுவர் விளையாட்டு ஒன்றும் இந்தக் குடும்பத்தில் உண்டு: 'ஒஸ்த்ரகிந்தா'. ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் வெளுப்பும் உள்ள ஓட்டாஞ்சில்லைச் சுண்டி, எந்தப் பக்கம் விழுகிறதோ அதை வைத்துத் துரத்துபவரும் ஓடுபவரும் முடிவாவார்கள். பாண்டி ஆடச் சில்லு பொறுக்கிய கைகளுக்கு விளக்கம் வேண்டாம். இன்றைய கிரேக்கத்தில் 'ஒஸ்த்ரகொ' என்றால் பொதுவாகச் சிப்பி. கடற்கரைக் கடையில் இந்தச் சொல்லைக் கேட்டால் பானைத் துண்டை நினைக்காதீர்கள்.

ஐந்தாம் படி: கையில் ஒரு துண்டு வந்தால்

தொல்லியலில் இந்தச் சொல்லின் பொருள் குறுகியது: உடைந்த பிறகு எழுதப்பட்ட ஓடு. எழுத்து முதலா, உடைசல் முதலா என்பதே முழுக் கேள்வியும். அதற்கு விடை விளிம்பில் இருக்கிறது. எழுத்து உடைந்த விளிம்பில் பாதியாக அறுந்து நின்றால், அது முழுப் பானையின் மேல் எழுதி, பிறகு பானை உடைந்தது. வரிகள் விளிம்புக்குள் அடங்கி, இடம் போதாமல் வளைந்து, கடைசி எழுத்துகள் நெருக்கமாகச் சுருங்கியிருந்தால், எழுதியவர் கையில் இருந்ததே துண்டுதான். அதுதான் ஒஸ்த்ரகொன். இருந்த ஒஸ்த்ரகொனே மறுபடி உடைந்திருக்கவும் கூடும். அப்போது ஒரு விளிம்பில் மட்டும் எழுத்து அறுபடும், மற்ற விளிம்புகளில் அடங்கியிருக்கும்.

கீழடியில் கிடைத்த ஆதன், குவிரன் போன்ற பெயர் கீறிய ஓடுகளைச் சிலர் 'தமிழ் ஆஸ்ட்ராகா' என்று எழுதுகிறார்கள். அவை பெரும்பாலும் புழக்கத்தில் இருந்த பாண்டத்தின் மேல் கீறிய பெயர்கள். அவற்றைப் பானைக் கீறல் எழுத்து என்பதே பொருத்தம். மதிப்பில் எந்தக் குறையும் இல்லை, வகைதான் வேறு.

அடுத்து, கீறலா மையா என்று பாருங்கள். ஏதென்ஸில் பெரும்பாலும் கூரிய முனையால் கீறினார்கள். கறுப்பு மெருகு பூசிய பாண்டத்தின் துண்டானால் கீறிய இடத்தில் உள்ளிருக்கும் செம்மண் நிறம் தெரியும். கீறலின் ஓரத்தில் மெருகு செதிள் செதிளாகப் பெயர்ந்திருந்தால் சுட்ட பிறகு கீறியது. ஓரம் மென்மையாக மடிந்து சிறு வரம்பு கட்டியிருந்தால் ஈர மண்ணில், சூளைக்குப் போகும் முன் கீறியது, ஆகவே ஒஸ்த்ரகொன் அல்ல. அறையை இருட்டாக்கி, ஒரு சிறு விளக்கை ஓட்டின் தளத்துக்கு ஏறக்குறைய ஒட்டினாற்போல் ஒரு பக்கத்தில் வைத்து, ஓட்டை மெல்லச் சுற்றுங்கள். நேர் வெளிச்சத்தில் காணாத கோடுகள் நிழலாக எழும். ஒரே கோணத்தில் நிறுத்திவிட்டால் விளக்கின் திசைக்கு இணையான கோடுகள் மறைந்துபோகும்.

மை எழுத்துக்கு எச்சரிக்கை அதிகம். எகிப்தில் புகைக்கரியையும் பிசினையும் கலந்த மையில் நாணல் எழுதுகோலால் எழுதினார்கள். கரி தண்ணீரில் கரையாது, ஆனால் அதைப் பிடித்துவைக்கும் பிசின் கரையும். தூரிகையால் ஒரு முறை தேய்த்தால் ஒரு வரி போய்விடும். அகழ்வுக் களத்தில் கூடை கூடையாக ஓடு கழுவும் இடத்தில்தான் இந்த இழப்பு நடக்கிறது. கழுவும் முன் ஒவ்வொரு துண்டையும் இரு பக்கமும் பார்ப்பது முதல் விதி. எகிப்திய ஓடுகளில் உப்பும் ஊறியிருக்கும். ஓடு உலரும்போது உப்பு படிகமாக வெளியே தள்ளி, மையோடு மேல்தோலையும் உரித்துவிடும். ஆகவே ஊறவைப்பதும் உலர்த்துவதும் பாதுகாப்பு வல்லுநர் கையில் விடவேண்டிய வேலை. மையுள்ள துண்டை மற்ற ஓடுகளோடு ஒரே பையில் போடாதீர்கள், தனித்தட்டில் மெத்தை விரித்து எழுத்து மேலே பார்க்கும்படி வையுங்கள்.

மங்கிய கரி மை அகச்சிவப்பு ஒளிப்படத்தில் கறுத்துத் தெரியும். இஸ்ரேலின் அராத் கோட்டையில் 1960களில் கிடைத்த எபிரேய ஓடுகளில் 16ஆம் எண்ணுள்ளதன் பின்புறம் வெறுமை என்றே அரை நூற்றாண்டு எண்ணியிருந்தார்கள். 2017இல் பல அலைநீளங்களில் படமெடுத்தபோது அங்கே மூன்று வரிகள் வெளிப்பட்டன. 'பின்புறம் ஒன்றுமில்லை' என்று பதிவேட்டில் எழுதும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: ஏதென்ஸ் ஓட்டில் பெயர் படிப்பது

ஏதென்ஸில் ஆண்டுக்கொருமுறை, ஓட்டு வாக்கெடுப்பு வேண்டுமா என்று மக்கள் மன்றத்தில் கேட்பார்கள். வேண்டும் என்றால், பிறகு ஒரு நாளில் சந்தைத்திடலில் ஒவ்வொருவரும் யார் போகவேண்டும் என்று ஒரு பெயரை ஓட்டில் எழுதிப் போடுவார். 6,000 என்ற எண்ணிக்கை தேவை. அது மொத்த ஓடுகளா, ஒருவருக்கு எதிரான ஓடுகளா என்பதில் பழைய ஆசிரியர்களான புளூதார்க்கும் பிலொகொரொஸும் வேறுபடுகிறார்கள். பெயர் பெற்றவர் 10 ஆண்டு வெளியேற வேண்டும். சொத்து பறிபோகாது, குற்றச்சாட்டும் கிடையாது, திரும்பி வந்தால் பழைய உரிமை. அதனால் இதை 'ஊர்விலக்கு' என்று பெயர்ப்பது பொருளைக் கெடுக்கும். முதலில் நாடு கடத்தப்பட்டவர் கி.மு. 487இல் கார்மொஸ் மகன் ஹிப்பார்கொஸ், கடைசி ஆள் கி.மு. 410களில் ஹுபெர்பொலொஸ். சிப்பியில் எழுதினார்கள் என்று சில பழைய நூல்களில் காண்பது, ஒஸ்த்ரகொன் என்பதன் இரட்டைப் பொருளால் வந்த பிழை. அகழ்வில் கிடைத்தவை பானைத் துண்டுகள், 11,000க்கும் மேல். அவற்றில் 8,000க்கும் அதிகமானவை 1960களின் பிற்பகுதியில் கெரமெய்கொஸ் என்ற பழைய குயவர் பகுதியில் கிடைத்தவை.

வாசகத்தின் அமைப்பு எளிது: பெயர் எழுவாயில், தந்தை பெயர் உடைமையில், சில நேரம் ஊர்ப்பெயர். ஏதென்ஸ் அரசியல் தலைவர் ஒருவரின் பெயர் இப்படி வரும்: தெமிஸ்தொக்லேஸ், நெஒக்லேஸின் மகன், ப்ரெஅர்ரொய் ஊரான். எழுத்துகள்தான் சோதிக்கும். கி.மு. 403 வரை ஏதென்ஸ் அரசு தன் பழைய எழுத்தையே பயன்படுத்தியது. அதில் எகரம், ஏகாரம் இரண்டுக்கும் ஒரே எழுத்து, ஒகரம், ஓகாரம் இரண்டுக்கும் ஒரே எழுத்து. மேலே பார்த்த ஒஸ்த்ரகொனும் ஒஸ்த்ரகோனும் அந்த எழுத்தில் ஒன்றாகவே தெரியும். எ, ஏ வேறுபாடு காட்டாத ஓலைச்சுவடியைப் படித்துப் பழகியவர் செய்வதையே இங்கும் செய்யுங்கள்: வாக்கியத்தை வைத்து முடிவெடுங்கள்.

இன்னொரு பெரிய வழுக்கல்: கூடாரக் கூரை போன்ற எழுத்தைப் புத்தக எழுத்துப் பழக்கத்தில் 'ல்' என்று படித்துவிடுவீர்கள். பழைய ஏதென்ஸ் எழுத்தில் அது 'க்' இன் மெல்லொலியான காமா. 'ல்' அங்கே நேர்கோட்டின் அடியில் சாய்கோடு முளைத்தாற்போல் இருக்கும். ஏதா போன்ற ஏணி வடிவம் உயிரெழுத்து அல்ல, ஹகர ஒலி. தெமிஸ்தொக்லேஸ் பெயரில் இரண்டாம் தகரத்தையும் மூச்சொலித் தகரமாக எழுதிய ஓடுகள் நிறைய உண்டு. அதை எழுத்துப் பிழை என்று திருத்தாதீர்கள், மக்கள் சொன்னபடி எழுதியது அது. பெயருக்குப் பின் 'இதோ' என்று வந்தால் அது ஏவல் வினை: 'போகட்டும்'.

கையெழுத்தையும் ஒப்பிடுங்கள். அக்ரொபொலிஸின் வடசரிவில் ஒரு கிணற்றில் தெமிஸ்தொக்லேஸ் பெயர் எழுதிய 190 ஓடுகள் கிடைத்தன. எழுதிய கைகள் 14 மட்டுமே. முன்கூட்டியே எழுதி விநியோகிக்க வைத்திருந்தவை அவை என்று கொள்கிறார்கள்.

எகிப்திய ரசீது ஓடு

இங்கே பெயர் மட்டும் இருக்காது, வரி கட்டியதற்கான சான்று இருக்கும். ரோமர் கால ஓட்டில் 'தியெக்ரப்சென்' (செலுத்தினார்) என்ற வினையைத் தேடுங்கள். அதைச் சுற்றிப் பெயர், வரியின் வகை, திரக்மா நாணயக் கணக்கு, பேரரசரின் ஆட்சியாண்டு, எகிப்திய மாதம் வரும். ஆண்டு மாற்றுவதில்தான் புதியவர்கள் பிழை செய்கிறார்கள். திபேரியுஸ் கி.பி. 14 ஆகஸ்டில் ஆட்சிக்கு வந்தார், ஆகவே 10ஆம் ஆண்டு என்றால் 24 என்று கூட்டிவிடுவார்கள். எகிப்தில் புத்தாண்டு ஆகஸ்டு 29. அவர் பதவியேற்ற சில நாட்களே முதல் ஆண்டாகக் கணக்காகி, ஆகஸ்டு 29இல் இரண்டாம் ஆண்டு தொடங்கிவிட்டது. ஆகவே 10ஆம் ஆண்டு என்பது கி.பி. 22 ஆகஸ்டு முதல் 23 ஆகஸ்டு வரை.

பதிப்பில் வரும் அடைப்புகளுக்கும் பொருள் உண்டு. 1931இல் லெய்டனில் வகுத்த முறைப்படி, சதுர அடைப்புக்குள் இருப்பது ஓட்டில் அழிந்துபோனதைப் பதிப்பாசிரியர் ஊகித்தது. வட்ட அடைப்பு, எழுதியவர் சுருக்கியதை விரித்தது. எழுத்தின் கீழ்ப் புள்ளி, படிப்பு உறுதியில்லை என்பதற்கு. சதுர அடைப்புக்குள் உள்ள சொல்லைச் சான்றாகக் காட்டி வாதம் கட்டாதீர்கள்.

தமிழில் எழுதும்போது

ஒஸ்த்ரக என்பதே பன்மை. அதனால் 'ஆஸ்ட்ராகாக்கள்' என்பது பன்மைக்கு மேல் பன்மை. 'ஒரு ஆஸ்ட்ராகா' என்பதும் தவறு. முதல் இடத்தில் ஒருமுறை 'ஒஸ்த்ரகொன் (எழுத்துள்ள பானையோடு)' என்று கொடுத்துவிட்டு, பிறகு ஓடு, ஓடுகள் என்றே தொடருங்கள். 'ஓட்டை' என்ற இரண்டாம் வேற்றுமை வடிவம் துளை என்றும் படிக்கக்கூடும் என்பதால், ஐயம் வரும் இடங்களில் 'பானையோட்டை' என்று முழுதாக எழுதுங்கள். நாடுகடத்தல் நடைமுறையைக் குறிக்க 'ஓட்டு வாக்கெடுப்பு' போதும், எழுதியது எதன் மேல் என்பதையும் அது சொல்லிவிடும்.